ஒன்பதாம் டிரம்மின் எண்

நொச்சிப்புதூரில் முதன்முதலாக ஒரு குழந்தைக்கு மஞ்சள் நிழல் விழுந்தபோது, அதைப் பெற்றவள் கேட்ட முதல் கேள்வி, தரையில் கறை பிடித்துவிடுமா என்பதுதான். முப்பதாம் நாள் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளவெயிலில் பாயை விரித்துக் கிடத்தியிருந்தார்கள். பாய்க்கு வெளியே, முந்தின வாரம் சிமெண்ட் பூசி மினுமினுவென்று இருந்த வாசலில், குழந்தையின் நிழல் பழுத்த பூவன்பழத் தோல் மாதிரி மஞ்சளாக விழுந்திருந்தது. அவள் புளியைப் போட்டுத் தேய்த்தாள், சோடா உப்பைப் போட்டுத் தேய்த்தாள், மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்தாள். குழந்தை காலை உதைத்துக்கொண்டபோது நிழலும் உதைத்துக்கொண்டு நகர்ந்தது, சிமெண்ட் பழையபடி சுத்தமாக இருந்தது. கறை இல்லை என்று தெரிந்ததும் அவள் எழுந்து உலை கொதித்துவிட்டதா என்று பார்க்க உள்ளே போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அரக்கு வந்தது, வாடாமல்லி வந்தது, கிளிப்பச்சை வந்தது. ஊருக்குக் கிழக்கே இருக்கிற சாயக் கம்பெனியில் எந்தத் தொட்டியில் தகப்பன் வேலை பார்த்தானோ அந்தத் தொட்டியின் ஷேடு பிள்ளையின் நிழலில் விழுந்தது, ஒரு இழை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கம்பெனியை விட்டு விலகிப் பல்லடத்தில் மெஸ் நடத்தப் போன ஒருவனுக்கு ஏழு வருஷம் கழித்துப் பிறந்த பிள்ளைக்கும் வெந்தய நிறம் விழுந்தது. அந்தப் பிள்ளை சாயப்பொடியைக் கண்ணாலும் கண்டதில்லை. அப்பனே அதை மறந்துவிட்டிருந்தான், ஆனால் அவன் உடம்பு மறக்கவில்லை.

ஊர் என்ன செய்யும்? ஊர் எதையும் செரித்துக்கொள்ளும். ஒன்றாம் வகுப்பு டீச்சர் வருகைப் பதிவு எடுக்காமல் ஜன்னலோரம் நிழலைப் பார்த்தே யார் வரவில்லை என்று சொன்னாள். கண்ணாமூச்சி ஆட்டத்தில் சுவருக்குப் பின்னால் ஒளிந்த பிள்ளைகளை நிழல் காட்டிக்கொடுத்ததால் அந்த ஆட்டமே ஊரில் இல்லாமல் போயிற்று. சந்தையில் காணாமல் போன பிள்ளையை, "நாவப்பழ நிழலுங்க, யாராச்சும் பாத்தீங்களா?" என்று கேட்டு அரை நிமிஷத்தில் பிடித்துக் கொண்டுவந்தார்கள். ஸ்டூடியோக்காரர் வெள்ளைத் திரையைக் கட்டி, பிள்ளையைப் பின்னால் நிறுத்தி, நிழலை மட்டும் படம் எடுத்துக் கொடுத்தார். கல்யாணத் தரகர் ஜாதகக் கட்டுக்குள் ஒரு துண்டுத் துணியும் வைத்துக்கொண்டார். பையன் நிழலுக்கும் பெண் நிழலுக்கும் பொருத்தம் பார்க்க. கம்பெனி சும்மா இருக்குமா? வருஷா வருஷம் காலண்டர் போட்டது. பன்னிரண்டு மாதத்துக்குப் பன்னிரண்டு பிள்ளைகள், வண்ண வண்ணமாக நிழல்கள், கீழே முதலாளியின் படம்.

அதே பிள்ளைகளில் ஒன்றுக்கு மேலுதடு பிளந்திருந்தது. இன்னொன்றுக்கு ரத்தம் ஊறவே மாட்டேன் என்றது. தொட்டிலுக்கு வராமலே போன பிள்ளைகளை யாரும் எண்ணவில்லை. அதெல்லாம் அவரவர் தலைவிதி, நிழல் மட்டும் ஊருக்கே பெருமை என்று இரண்டையும் இரண்டு கூடையில் போட்டு வைத்திருந்தார்கள். அழகாக இருக்கிற ஒன்றின் மேல் சந்தேகப்படுவதற்கு ஊருக்கு மனசு வரவில்லை.

நாகமணிக்கு வந்தது. அவளுக்கு எதற்கும் பொறுமை கிடையாது, சந்தேகம் மட்டும் தாராளமாக உண்டு. பத்தாவது வரைக்கும் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் படித்தவள். கேள்வி கேட்டால் நிமிர்ந்து நின்று கேட்க வேண்டும், பதில் வரும்வரை உட்காரக் கூடாது என்று அங்கே கற்றுக்கொண்டதை முப்பத்தி நாலு வயசிலும் விடவில்லை. கல்யாணமாகி ஒன்பது வருஷம். இரண்டு தரம் கருவுற்று இரண்டு தரமும் கலைந்தது. மூன்றாவது இப்போது ஐந்தாம் மாதத்தில் இருந்தது, லேசாக அசையவும் தொடங்கியிருந்தது. அவள் புருஷன் சென்னியப்பன் கம்பெனியில் ஹெல்பர். ஹெல்பர் என்றால் இன்ன தொட்டி என்று கிடையாது. ஒன்பது தொட்டியும் அவனுக்குத்தான், ஒன்பது டிரம்மிலிருந்தும் பொடியை அள்ளி எடை போடுகிறவனும் அவன்தான். கடைசி இரண்டு வருஷம் பெரும்பாலும் ஒன்பதாவது. எச்சிலைத் துப்பினால் திங்கள்கிழமை ஒரு நிறம், செவ்வாய்க்கிழமை ஒரு நிறம்.

கோயமுத்தூரில் டாக்டர் இஷ்ரத் என்று ஒரு அம்மா. ஸ்கேன் படத்தைப் பார்த்தார், பழைய சீட்டுகளைப் பார்த்தார், சென்னியப்பனின் விரல் நகங்களை ரொம்ப நேரம் பார்த்தார்.

"என்ன பொடிப்பா அது?"

"சாயப்பொடிங்."

"சாயம்னு எனக்கும் தெரியுது. பேரு?"

"ஒண்ணாம் நம்பர், ரெண்டாம் நம்பர்... அப்படித்தானுங். ஒம்பது இருக்குதுங்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "இங்க பாருங்க. உடம்பு தன்னைத் தானே நகல் எடுத்துக்கிட்டே இருக்கும். அப்பா அம்மாகிட்ட இருந்து பிள்ளைக்குப் போறதும் ஒரு நகல்தான். சில பொடிங்க அந்த மூலத்துலயே கிறுக்கிடும். சிலது ஒண்ணும் செய்யாது. எது செய்யும், எது செய்யாது, எனக்கு எப்படித் தெரியும்? உலகத்துல இருக்கிற ஒவ்வொரு ரசாயனத்துக்கும் ஒரு எண் இருக்கு. நம்ம ஆதார் மாதிரி. டிரம்ல அச்சடிச்சிருப்பான். அந்த எண்ணைக் கொண்டாங்க. எதைத் தேடணும்னு தெரிஞ்சாத்தான் நான் தேட முடியும். பிள்ளைக்கும் சரி, இவருக்கும் சரி. அதுவரைக்கும் இவர் அங்க போகாம இருந்தா நல்லது."

"இவரு துணிய நாந்தான் துவைக்கிறேன் டாக்டர்," என்றாள் நாகமணி. "என் சேலையோட சேத்து."

டாக்டர் கீழே வைத்த பேனாவை மறுபடி எடுத்தார்.

"பொறந்த குழந்தையப் பொதியறதுக்கு எங்க ஊருல அப்பனோட கம்பெனி வேட்டியத்தான் எடுப்போம். நூறு தரம் அலசினது, பூ மாதிரி இருக்கும்னு."

"எல்லாருமா?"

"எல்லாரும்."

டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்து ஜன்னல் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தார். "சரஸ்வதி பூஜை கழிஞ்சு வர்ற சனிக்கிழமை வாங்க. எண்ணோட வாங்க. ஒம்பதும் வேணும்."

வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸிலேயே நாகமணி கேட்டாள்: "டிரம்முல எண் இருக்குதா இல்லியா?"

"இருக்கும் புள்ள. ஆனா வெள்ளைக் காகிதம் ஒட்டியிருக்காங்க. மேல ஒண்ணு, ரெண்டுன்னு எழுதி."

"கிழிச்சுப் பாக்கறதுதானே?"

சென்னியப்பன் அவளைப் பார்த்த பார்வை, பிள்ளையார் தும்பிக்கையைத் திருகிப் பார்க்கச் சொன்னவளைப் பார்க்கிற மாதிரி இருந்தது. "அதுல சந்தனம் வெச்சிருக்குது புள்ள."

அதுதான் சங்கதி. இருபத்திரண்டு வருஷமாக ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் சாய டிரம்களை முற்றத்துக்கு உருட்டிக்கொண்டுவந்து, துடைத்து, காகிதத்தின் மேலேயே சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, சூடம் காட்டியிருந்தார்கள். ஒரு டிரம் காலியானால் அடுத்த டிரம்முக்குப் புதுக் காகிதம் ஒட்டி, அதற்கும் சந்தனம். கம்பெனிக்காரன் எண்ணை மறைக்க ஒட்டினானா, இல்லை வேறு எதற்காவது ஒட்டினானா என்பது யாருக்கும் தெரியாது. ஆனால் அதைக் காவல் காக்க அவனுக்கு ஒரு வாட்ச்மேன்கூடத் தேவைப்படவில்லை. குங்குமம் வைத்த காகிதத்தை நகத்தால் சுரண்ட எவனுக்குக் கை வரும்?

"நாளைக்கு வேலைக்குப் போகாதீங்க," என்றாள்.

"போகாம?"

"போகாம."

மறுநாள் அவன் போனான். லீவு போட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள் என்றான். அவள் அவனுடைய கம்பெனித் துணிகளை வாசலுக்கு வெளியே தனிக் கொடியில் போட்டாள். அவனையும் தனிக் கொடியில் போட முடிந்திருந்தால் போட்டிருப்பாள்.

ஆயுத பூஜை அன்று மட்டும் கம்பெனி கேட் குடும்பங்களுக்குத் திறக்கும். செல்போனை வாட்ச்மேன் வாங்கிக் கூடையில் போட்டுக்கொள்வான். உள்ளே போனால் பொரி, கடலை, ஒரு ஸ்டீல் டிபன் பாக்ஸ். நாகமணி அதற்கு நான்கு நாள் முன்னாலேயே வீடு வீடாகப் போனாள். ஒவ்வொரு டிரம்முக்கு முன்னாலும் அந்த நிறத்து நிழலோடு ஒரு பிள்ளை நிற்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியிருந்தது. ஏன் தோன்றியது என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. சாவி எங்கேயோ அங்கேதான் பூட்டும் இருக்கும் என்கிற மாதிரி ஒரு கணக்கு. மஞ்சளுக்கு ஒரு தாய், அரக்குக்கு ஒரு தாய், இப்படி எட்டுப் பேர் சரி என்றார்கள். எல்லாரும் உடனே சொல்லிவிடவில்லை. ஒருத்தி, "நிழல் போயிடுமா?" என்று கேட்டு அழுதாள். இன்னொருத்தி, "உனக்குப் பொறக்கலேன்னு எங்க புள்ளைகளப் பாத்துப் பொருமறியா?" என்றாள். "பொறாமைப்பட நேரமில்லைங்க, சனிக்கிழமைக்குள்ள எண் வேணும்," என்று நாகமணி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். சரி என்று சொன்னால் ஒழிய அவள் எழுந்திருக்க மாட்டாள் என்பது தெரிந்ததும் சரி என்றார்கள்.

ஒன்பதாவதுக்கு ஒரே ஒரு நிழல்தான் ஊரில் உண்டு. மயில்கழுத்து நிறம். அந்த ஷேடு இருபது வருஷத்துக்கு முன்னால் ஒரே வருஷம் ஓடி நின்றது, இப்போது இரண்டு வருஷமாகத்தான் மறுபடியும் ஓடுகிறது. முதல் தடவை அதில் வேலை பார்த்தவன் ரங்காத்தாளின் புருஷன். அவன் மூத்திரத்தில் ரத்தம் போய்ப் போயே நாற்பத்தோரு வயசில் செத்தான். மகள் கோகிலவாணிக்கு இப்போது பத்தொன்பது வயசு. அவள் வெயிலில் நடந்தால் பின்னால் மயில் நடப்பதாக ஊரே சொல்லும். மூன்று வருஷம் காலண்டரில் ஜனவரி மாதமே அவள்தான். தாய்க்கும் மகளுக்கும் கம்பெனி மடிப்புப் பிரிவில் வேலை போட்டுக் கொடுத்திருந்தது.

"ஏம்புள்ள நாகமணி, வெள்ளிக்கிழமை என்ற புள்ளையப் பாக்க வர்றாங்க, தெரியுமா உனக்கு?" என்றாள் ரங்காத்தாள். அவள் முறுக்குக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள்; பிசைந்ததை நிறுத்தவில்லை.

"தெரியுங்க்கா. அது வெள்ளிக்கிழமை. பூசை புதன்கிழமை."

"ஓசூர்ப் பக்கம். பேட்டரிக் கம்பெனியில வேல. நெழலப் போட்டோவுல பாத்துட்டுத்தான் வர்றாங்க. நீ அதப் போயி விஷம், வியாதின்னு ஊரக் கூட்டினா, நாளைக்கு எவன் கட்டுவான்? இந்தப் புள்ளைய மட்டுமில்ல, ஊருல ஒரு புள்ளையக் கட்டுவானா?"

"அண்ணன் எதனால போனாருன்னு உங்களுக்குத் தெரிய வேண்டாமாக்கா?"

"தெரிஞ்சா எந்திரிச்சு வருவாரா?"

நாகமணிக்கு வாயில் ஒரு பதில் வந்தது. முறுக்கு மாவில் விழுந்த ரங்காத்தாளின் கண்ணீரைப் பார்த்ததும் அதை விழுங்கினாள். அவள் விழுங்கிய பதில்கள் ரொம்பக் குறைவு.

உள்ளே கதவோரமாகக் கோகிலவாணி நின்றுகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை காலை வெயிலில் ஒன்பது டிரம்களும் முற்றத்தில் வரிசையாக நின்றன. கழுத்தில் சாமந்தி மாலை, நெற்றியில் சந்தனம், நடுவில் குங்குமம். மணமேடையில் உட்கார்ந்த மாப்பிள்ளைகள் மாதிரி ஒன்பது பேர். சூடம் காட்டியாயிற்று, பூசணிக்காய் உடைத்தாயிற்று. மேனேஜர் வரதராஜு பட்டு வேட்டியில் டிபன் பாக்ஸ் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து நாகமணி முதல் டிரம்முக்கு முன்னால் போய் நின்றாள்.

நேராகக் கிழித்துவிடுவது என்றுதான் வந்தாள். குழந்தைகளையெல்லாம் கூட்டி வந்தது ஒரு துணைக்கு. கடைசியில் நகம்தானே வேலை செய்ய வேண்டும். கையை நீட்டினாள். காகிதத்தின் ஒரு முனை எழும்பி நின்றது, பிடித்து இழுத்தால் வந்துவிடும். பின்னால் எட்டுப் பெண்களும் மூச்சை இழுத்தது கேட்டது. அவள் விரல் குங்குமத்துக்கு ஒரு அங்குலம் முன்னால் நின்றது, நின்றது, பிறகு தானாகவே திரும்பிவந்து அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டது. அவளுக்குத் தன் மேலேயே வந்த கோபத்தில் காது சுட்டது.

அப்போதுதான் மஞ்சள் நிழல்காரப் பையன், ஆறு வயசு, பொரி தின்றுகொண்டே டிரம்முக்கு அருகில் வந்தான். அவன் நிழல் தரையை விட்டு ஏறி டிரம்மின் மேல் விழுந்தது; காகிதத்தின் மேல் விழுந்தது. பாலில் விழுந்த மஞ்சள்தூள் மாதிரி அது காகிதத்துக்குள் இறங்கியது, சந்தனத்துக்குக் கீழே, குங்குமத்துக்குக் கீழே, எத்தனை மடிப்பு உண்டோ அத்தனைக்கும் கீழே. அடியிலிருந்து கறுப்பு எழுத்துகள் மேலே வந்தன. முதலில் ஒரு மண்டையோடு. பிறகு வரி வரியாக இங்கிலீஷ். எல்லாவற்றுக்கும் கடைசியில் சின்னதாக, நடுவில் இரண்டு கோடு போட்ட ஒரு எண்.

யாரும் கூச்சல் போடவில்லை. நிறநிறமான நிழல்களோடு இருபத்திரண்டு வருஷம் குடித்தனம் செய்தவர்களுக்கு இது ஒன்றும் பெரிய ஆச்சரியமில்லை.

"படிச்சுக்க," என்றாள் நாகமணி அவன் தாயிடம். "உன் புள்ளையோட எண். இது உன் பொறுப்பு. மறந்துட்டீன்னா தெரியும் சேதி."

அடுத்த டிரம்மில் அரக்கு நிழல் விழுந்தது, அடுத்ததில் வாடாமல்லி. அந்தந்த நிழலுக்கு அந்தந்த டிரம் மட்டும்தான் திறந்தது. மாற்றி நிறுத்தினால் வெறும் சந்தனம்தான் தெரிந்தது. ஒவ்வொரு தாயும் தன் பிள்ளையின் தோளைப் பிடித்துக்கொண்டு, உதடு அசைய, எண்ணை மனப்பாடம் செய்தாள். பள்ளிக்கூடமே போகாதவள்கூட எண் தெரியாதவள் இல்லை. பஸ் நம்பர் தெரியும், கேஸ் நம்பர் தெரியும், இதுவும் தெரியும்.

மேனேஜர் வந்துவிட்டார். "என்னம்மா, டிரம்மு கிட்ட என்ன கூட்டம்?"

"கொழந்தைங்க சாமி கும்பிடுதுங்க சார்," என்றாள் நாகமணி.

"நல்லது, நல்லது. பக்தி வேணும்." அவர் ஒரு பையனின் தலையைத் தடவினார். அவருடைய சொந்த நிழல் எல்லாருடையதையும் போலக் கறுப்பாக டிரம்மின் மேல் விழுந்தது, எதையும் காட்டாமல்.

கேட்டில் கூடையிலிருந்து செல்போனை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, புளியமரத்துப் பஸ் ஸ்டாப்பில் நாகமணி நோட்டை விரித்தாள். எட்டுப் பேரும் வரிசையில் நின்று ஒப்பித்தார்கள். கிளிப்பச்சைக்காரி மட்டும் பாதியில் தடுமாறினாள். கண்ணை மூடிக்கொண்டு மகளின் தோளைத் தொட்டாள், வந்துவிட்டது. எட்டு எண்கள். ஒன்பதாவது வரி காலியாக இருந்தது.

சென்னியப்பன் வேலை பார்ப்பது அந்தக் காலி வரியில்தான்.

அன்றைக்குச் சாயங்காலம் அந்த எட்டு வீடுகளிலும் ஒரு காரியம் நடந்தது. யாரும் சொல்லிக்கொண்டு செய்யவில்லை. பெட்டியிலும் பரணிலும் மடித்து வைத்திருந்த கம்பெனி வேட்டித் துணிகளை, பிள்ளை பிறந்தபோது பொதிந்தவற்றை, அடுத்ததுக்கு ஆகும் என்று பத்திரப்படுத்தியவற்றை, எடுத்து வெளியே வைத்தார்கள். வைத்துவிட்டு எங்கே போடுவது என்று தெரியாமல் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார்கள். ஆற்றில் விடலாம் என்றாள் ஒருத்தி. ஆறு ஏற்கெனவே வாடாமல்லி நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. எரிக்கலாம் என்றாள் இன்னொருத்தி. புகை யார் வீட்டுக்குப் போகும் என்றாள் மூன்றாமவள். கடைசியில் எல்லாவற்றையும் ஒரு சாக்கில் கட்டி, கம்பெனி கேட்டுக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தார்கள். "உங்க துணிங்க," என்று வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டு வந்தார்கள்.

வெள்ளிக்கிழமை நாலு மணி வாக்கில் நாகமணி, கூப்பிடாத வீட்டுக்குப் போவதில்லை என்ற தன் கொள்கையை வாசலோடு விட்டுவிட்டு, ரங்காத்தாள் வீட்டுக்குப் போனாள். காலில் விழுவது என்று முடிவு செய்திருந்தாள். வயிறு இடிக்கும், ஆனாலும் விழுவது.

மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டிருந்தார்கள். ஐந்து பேர். பையனின் தாய் விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தாள். பையன், பிரகதீஸ்வரன் என்று பெயர், இஸ்திரி போட்ட சட்டையில் விறைப்பாக இருந்தான். பஜ்ஜித் தட்டை என்ன செய்வது என்று தெரியாமல் மடியில் வைத்திருந்தான். நாகமணியைப் பார்த்ததும் ரங்காத்தாளின் முகம் போன போக்கு, எண்ணெய்ச் சட்டியையே கவிழ்த்துவிடுவாள் போல இருந்தது. ஆனால் விருந்தாளிகள் முன்னால் என்ன செய்ய? "வா புள்ள, உக்காரு," என்றாள் பல்லுக்கு இடையில்.

"நெழலப் பாத்தரலாங்களா?" என்றாள் பையனின் தாய். "எங்க ஊருல கேட்டாங்க, வீடியோ எடுத்துட்டு வரச் சொல்லி."

வாசல் கதவை அகலத் திறந்தார்கள். வெயில் கூடத்துக்குள் பாய் விரித்த மாதிரி விழுந்தது. கோகிலவாணி காபித் தட்டோடு வந்து வெயிலில் நின்றாள். சுவர் முழுவதும் மயில்கழுத்து நிறம் ஏறியது, விசிறிக் காற்றில் அவள் தாவணி அசைய நிழலும் தோகை மாதிரி அசைந்தது. பையனின் தாய் செல்போனைத் தூக்கினாள்.

கோகிலவாணி தட்டைக் கீழே வைத்தாள். நிமிர்ந்து நின்றாள். நாகமணியைப் பார்த்து, பாடம் ஒப்பிக்கிற குரலில், ஒரு எண்ணைச் சொன்னாள். நடுவில் இரண்டு கோட்டையும் கோடு, கோடு என்றே சொன்னாள். பிறகு, "எழுதிக்கிட்டீங்களா சித்தி?" என்றாள்.

நாகமணியின் கை நோட்டைத் தேடிக்கொண்டிருந்தது. "இன்னொரு தரம் சொல்லு கண்ணு."

சொன்னாள்.

"எப்படி?" என்றாள் நாகமணி எழுதிக்கொண்டே. "வெயில்ல நின்னியா? நெழலு எறங்குச்சா?"

"நெழலெல்லாம் தேவப்படல சித்தி. நேத்து சாப்பாட்டு நேரத்துல கலர் ரூமுக்குப் போனேன். நகத்தால கிழிச்சேன். காகிதந்தானே அது."

ரங்காத்தாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். "குங்குமம்டீ," என்றாள் கடைசியில்.

"அப்பாவுக்கும் வெச்சீங்களேம்மா, நெத்தியில. கடைசி நாளு." கோகிலவாணியின் குரல் அங்கே ஒரு நொடி உடைந்து மறுபடி சேர்ந்தது. "மேனேஜர் பாத்துட்டாரு. இனிமே வேலைக்கு வர வேண்டாம்னுட்டாரு. உங்களையுந்தான். சாயங்காலம் சொல்லலாம்னு இருந்தேன்."

"என்னங்க நடக்குது இங்க?" என்றாள் பையனின் தாய். செல்போன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

கோகிலவாணி அவளிடம் பேசவில்லை, பையனிடம் பேசினாள். "எங்கப்பா இந்த எண்ணுலதான் செத்தாரான்னு நாளைக்கு டாக்டரம்மாவக் கேட்டுட்டு வந்து சொல்லத்தான் சித்திகிட்ட எண்ணக் குடுத்திருக்கேன். என் ரத்தத்தையும் பாக்கறதா இருக்கேன். என்ன வந்தாலும் மறைக்க மாட்டேன், உங்களுக்கும் எழுதி அனுப்பறேன். உங்க எண் என்னங்க?"

"எனக்கா?" என்றான் பையன்.

"பேட்டரிக் கம்பெனின்னாங்களே. என்ன அள்ளறீங்க, என்ன கரைக்கிறீங்க? அதுக்கும் எண் இருக்கும்ல?"

"எங்க ஊருல யாருக்கும் நெழலு நெறமா வர்றதில்லையேம்மா!" என்றாள் அவன் தாய், நியாயத்தை எடுத்து முன்னால் வைக்கிற மாதிரி.

"எங்களுக்கு வந்துச்சுங்க அத்தை. இருபத்திரெண்டு வருஷம் வந்துச்சு. காலண்டர் போட்டோம்."

அந்த அம்மாள் செல்போனை அணைத்தாள். எழுந்தாள். புடவைக் கொசுவத்தை உதறிக்கொண்டு, கிளம்பலாம் என்று மற்றவர்களுக்குக் கண் காட்டினாள். மூன்று பேர் எழுந்தார்கள். பையன் எழவில்லை. அவன் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான், முதல் தடவையாகப் பார்க்கிறவன் மாதிரி. நகக்கண்களில் சாம்பல் நிறம். எவ்வளவு தேய்த்தும் போகாமல் இன்றைக்கும் இருந்தது.

"பிரகதீசு," என்றாள் தாய்.

"இரும்மா." அவன் நாகமணியிடம் திரும்பினான், நோட்டை வைத்திருந்தவள் அவள்தான் என்பதால். "அந்த எண்ணு... டிரம்முல எந்தப் பக்கம் இருக்குங்க?"

ரங்காத்தாள் சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். மகள் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். தாய் அவளை அடிக்கவும் இல்லை, அணைக்கவும் இல்லை. அவளுடைய வலது கையை எடுத்து, காகிதம் கிழித்த நகம் எது என்று ஒவ்வொரு விரலாகப் பார்த்தாள்.

சந்து முனையில் சென்னியப்பன் துணிப்பையோடு நின்றுகொண்டிருந்தான். சனிக்கிழமை காலை டாக்டரிடம் முதல் ஆளாக நிற்க வேண்டும் என்றால் இன்றைக்கே கோயமுத்தூர் போய்விட வேண்டும், தங்கை வீட்டில் தங்கிக்கொள்ளலாம் என்று நாகமணி சொல்லியிருந்தாள். நான்கு மணி ஷிப்டுக்குச் சங்கு ஊதி அரை மணி நேரமாகியிருந்தது, அவன் கம்பெனிப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நாகமணி வயிற்றுக்கு ஒரு கை கொடுத்து எழுந்தாள். ஒன்பது வரியும் நிரம்பிய நோட்டை ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டாள். பஸ்ஸுக்கு ஆறு நிமிஷம் இருந்தது, கேள்வி கேட்டவனை அப்படியே விட்டுவிட்டுப் போகவும் அவளுக்குத் தெரியாது.

"கீழ் விளிம்புல இருக்கும், குனிஞ்சு பாக்கணும்," என்றாள் செருப்பை மாட்டிக்கொண்டே. "மேல என்ன ஒட்டியிருந்தாலும் கிழிச்சிருங்க தம்பி. நெழலு வரட்டும்னு காத்திருக்காதீங்க."